காதலன், தம்பி, இரண்டு நண்பர்கள்... நால்வரையும் போரில் இழந்த நர்ஸ் பேனா எடுத்த கதை! யார் இந்த வேரா பிரிட்டன்?

1915, டிசம்பர் 26. இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான பிரைட்டன். அங்கிருக்கும் கிராண்ட் ஹோட்டலில் ஓர் இளம்பெண் போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். இன்னும் மூன்று நாளில் அவருக்கு 22 வயது ஆகப்போகிறது. பிரான்ஸ் போர்முனையில் இருக்கும் வருங்காலக் கணவர் ரோலண்ட், கிறிஸ்துமஸ் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் முழுக்கத் தகவலே இல்லை. கப்பல் தாமதமாகியிருக்கும், பண்டிகை நாளில் போன் லைன் கிடைத்திருக்காது எனத் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கப் போனார்.

மறுநாள் காலை போன் வந்தது. ரோலண்ட்தான் என்று நினைத்து ஓடினார். லைனில் இருந்தது ரோலண்டின் தங்கை. டிசம்பர் 23-ம் தேதியே ரோலண்ட் இறந்துவிட்டார் என்பதுதான் செய்தி. அதாவது, எந்த டிரெஸ் போட்டுக்கொண்டு வரவேற்பது என வேரா யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அந்தப் பெண்தான் வேரா பிரிட்டன். முதல் உலகப்போரைப் பற்றி ஒரு பெண் எழுதிய நூல்களில் இன்றுவரை அதிகம் பேசப்படும் 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' நூலை எழுதியவர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஜான் ஸ்னோவைத் தெரியுமில்லையா, அந்த கிட் ஹாரிங்டன் ரோலண்டாகவும், அலிசியா விகாண்டர் வேராவாகவும் நடித்து 2014-ல் இது படமாகவும் வந்தது. படம் பார்த்தவர்கள் இதை ஒரு சோகமான காதல் கதையாக நினைத்திருப்பார்கள். காதல் இதில் ஒரு பகுதிதான். பெரிய பகுதி, அதை எழுதுவதற்கு அவர் பட்ட பாடும், எழுதியபின் கொடுத்த விலையும்.

பையனுக்கு காலேஜ், பொண்ணுக்கு கல்யாணம்

வேரா 1893 டிசம்பர் 29-ல் பிறந்தார். அப்பா காகித ஆலை முதலாளி. வசதிக்குக் குறைவில்லை. வளர்ந்தது பக்ஸ்டன் என்ற மலையூரில். கூடப் பிறந்தது ஒரே தம்பி, எட்வர்ட். வேராவைவிட ஏறத்தாழ இரண்டு வயது சின்னவர், வயலின் வாசிப்பார், இசையமைப்பாளர் ஆகணும் என்று ஆசை.

நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு ரொம்பப் பழக்கமான காட்சிதான் அந்த வீட்டிலும் நடந்தது. தம்பி யுனிவர்சிட்டிக்குப் போவது பேசாமலே முடிவான விஷயம். அக்கா படிக்கணும் என்று கேட்டால் வீடே இரண்டுபடும். நல்ல வரன் பார்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு எதற்கு ஆக்ஸ்ஃபோர்டு என்பது அப்பாவின் கேள்வி. பக்ஸ்டனுக்கு வந்து வகுப்பெடுத்த ஆக்ஸ்ஃபோர்டு விரிவுரையாளர் ஒருவர் வேராவின் எழுத்தைப் பார்த்து ஊக்கப்படுத்த, தம்பியும் பக்கத்தில் நிற்க, அப்பா ஒருவழியாக இறங்கிவந்தார். கிட்டத்தட்டத் தனியாகவே படித்து, சாமர்வில் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் பிடித்தார் வேரா. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் தரமாட்டார்கள். அது கிடைத்தது 1920-ல்தான்.

தம்பியின் பள்ளித் தோழர்கள் ரோலண்ட் லெய்டனும் விக்டர் ரிச்சர்ட்சனும். ரோலண்ட் பள்ளியில் பரிசுகளை அள்ளியவர், கவிதை எழுதுவார். அவருடைய அம்மா மேரி லெய்டன் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிச் சம்பாதித்தவர். அந்த வீட்டை ஓட்டியதில் அவருடைய பேனாவுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுதி வாழும் பெண் என்பது ரோலண்டுக்கு அதிசயமே இல்லை. தென்னாப்பிரிக்கப் பெண்ணியவாதி ஆலிவ் ஷ்ரைனரின் நாவலை வேராவுக்குப் பரிசாகக் கொடுத்த பையன் அவர். இதைவிட வேறென்ன வேண்டும்?

இருவரும் ஒன்றாக ஆக்ஸ்ஃபோர்டு போவதாகத் திட்டம். 1914 ஆகஸ்ட்டில் போர் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் வேரா மட்டும் போனார்.

அப்பாவிடம் தம்பிக்காக வாதாடிய அக்கா

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் போர் எதிர்ப்பாளராக உலகம் அறிந்த வேரா, 1914-ல் அப்படி இல்லை. எட்வர்ட் ராணுவத்தில் சேரக் கேட்டபோது அப்பா மறுத்தார். தம்பிக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்றது வேராதான். அவருடைய அந்தக் கால டைரியில் வீரம், கடமை, தியாகம் என்று நாட்டுப்பற்று பொங்கி வழிகிறது. கண் பார்வை சரியில்லை என்று நிராகரிக்கப்பட்ட ரோலண்டும் விடாமல் முயன்று அதிகாரியாகச் சேர்ந்தார். யாரும் இவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை.

1915 மார்ச் கடைசியில் ரோலண்ட் பிரான்ஸ் போனார். காதலர்கள் இருவரும் நேரில் சேர்ந்து இருந்தது மொத்தமே சில நாட்கள்தான். அதிலும் பெரும்பாலான சமயம் கூடவே துணைக்கு ஒரு பெரியவர் இருப்பார். மீதிக் காதல் எல்லாம் கடிதத்தில். இப்போதைய 'லாங் டிஸ்டன்ஸ்' ஜோடிகள் ப்ளூ டிக்குக்காகப் பதறுவார்கள். வேராவுக்கு, கையில் இருக்கும் கடிதத்தை எழுதியவர் இந்த நிமிடம் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

அவர் குண்டுகளுக்கு நடுவே இருக்க, தான் லைப்ரரியில் உட்கார்ந்திருப்பது வேராவுக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டு வாங்கிய சீட்டை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்குப் போனார். வி.ஏ.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட தன்னார்வ உதவிப் படை அது. முறையான நர்சிங் படிப்பு இல்லாத, பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்களை அவசரப் பயிற்சி கொடுத்து வார்டுகளில் நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல். அதுவும் நியாயம்தான், வருடக்கணக்கில் படித்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் திடீரென்று பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றால்?

பக்ஸ்டனில் தொடங்கி, லண்டன் கேம்பர்வெல்லில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். வீட்டில் எல்லாவற்றுக்கும் வேலையாட்கள் இருந்து வளர்ந்தவர், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் நின்றுகொண்டு மலப்பாத்திரம் கழுவினார், சீழ் பிடித்த காயங்களுக்குக் கட்டுப்போட்டார். கல்யாணம் ஆகாத பெண் ஆண் உடலைப் பார்ப்பதே தவறு எனச் சொல்லி வளர்த்த சமூகம், ஒரே இரவில் அவர்களை நூற்றுக்கணக்கான ஆண் உடல்களுக்கு நடுவே விட்டது.

திரும்பி வந்த சீருடை

ரோலண்ட் இறந்தது பெரிய சண்டையில்கூட இல்லை. இரவில் முள்கம்பி வேலியைச் சரிபார்க்கப் போனபோது எதிரியின் குண்டு வயிற்றில் பாய்ந்தது. வயது 20.

சில வாரங்களில் அவருடைய பொருட்கள் வீட்டுக்கு வந்தன. வேரா அந்த வீட்டுக்குப் போன நாளில்தான் மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சேறு ஊறிய, குண்டு துளைத்த, ரத்தம் காய்ந்த சீருடை. அறை முழுக்க நாற்றம். ரோலண்டின் அம்மாவால் அதைப் பார்க்கவே முடியவில்லை. 'நாட்டுக்காக உயிர்நீத்தார்' என்று பேப்பரில் வரும் ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இந்த நாற்றம்தான் என்பதை வேரா அங்கே தெரிந்துகொண்டார். அதை மறைக்காமல் தம்பிக்கு எழுதினார். 18 வருடம் கழித்து உலகத்துக்கே எழுதினார்.

அதன்பின் செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். எட்வர்ட் படுகாயமடைந்தார், வீரப் பதக்கமும் கிடைத்தது. எத்தனையோ மருத்துவமனைகள் இருக்க, அக்கா வேலை பார்க்கும் அதே மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வேரா மால்டா தீவுக்கு அனுப்பப்பட்டார். போன கப்பல் பிரிட்டானிக், டைட்டானிக்கின் தங்கைக் கப்பல். அடுத்த இரண்டே மாதத்தில் அதுவும் கடல் கண்ணிவெடியில் மூழ்கிப்போனது தனிக்கதை.

1917 ஏப்ரல். மூவர் கூட்டணியில் ஒருவரான விக்டருக்கு அராஸ் சண்டையில் தலையில் குண்டடி பட்டு, பார்வை போனது. அதே மாதம் 23-ம் தேதி எட்வர்டின் இன்னொரு நெருங்கிய நண்பர் ஜெஃப்ரி தர்லோ கொல்லப்பட்டார். இருவரும் வேராவுக்கும் நெருக்கமானவர்கள். பார்வை இழந்த விக்டரைக் கல்யாணம் செய்து கடைசிவரை பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து மால்டா வேலையை விட்டுக் கிளம்பிவந்தார் வேரா. வந்து சில நாட்களிலேயே, ஜூன் 9-ல், விக்டரும் இறந்தார்.

மிச்சம் இருந்தது தம்பி மட்டும்.

ஜெர்மன் வார்டு

1917 ஆகஸ்ட்டில் பிரான்சின் எடாப்ள் ராணுவ முகாம் மருத்துவமனைக்கு வேரா போனார். முதலில் போடப்பட்ட டூட்டி, காயமடைந்த ஜெர்மன் போர்க்கைதிகளின் வார்டு. காதலனைக் கொன்ற நாட்டின் வீரர்கள் அங்கே வரிசையாகப் படுத்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் பிழைக்க வாய்ப்பில்லாதவர்கள். குடல் சரிந்தவர்கள், கால் போனவர்கள், அம்மாவைக் கூப்பிட்டபடி சாகிறவர்கள். இங்கே அக்கா ஜெர்மானியர்களைப் பிழைக்கவைக்கப் போராட, அதே நேரம் போர்முனையில் தம்பி ஜெர்மானியர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். இந்த முரணை வேரா கடைசிவரை மறக்கவே இல்லை. அவர் பின்னாளில் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்த வார்டு இருக்கிறது.

1918 வசந்த காலத்தில் ஜெர்மனியின் பெரிய தாக்குதல் தொடங்கி, வார்டுகள் நிரம்பி வழிந்த நேரம். அப்பாவிடம் இருந்து கடிதம்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ள உடனே வா. போர்முனையில் இருக்கும் மகனுக்கு யாரும் இப்படி எழுதமாட்டார்கள். மகளுக்கு எழுதலாம். அவர் செய்வது வேலை என்றே வீடு நினைக்கவில்லை. மனசே இல்லாமல் திரும்பினார் வேரா.

வீட்டில் இருந்தபோதுதான் டெலிகிராம் வந்தது. இத்தாலியின் அசியாகோ மலைப்பகுதியில் 1918 ஜூன் 15-ல் எட்வர்ட் கொல்லப்பட்டார். போர் முடிய ஐந்தே மாதம் பாக்கி. நவம்பர் 11-ல் லண்டன் தெருக்கள் ஆட்டம் போட்டபோது, அந்தச் சந்தோஷத்தைப் பகிர வேராவுக்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை.

எழுத 15 வருடம் ஏன் ஆனது?

1919-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார். இலக்கியத்தை விட்டுவிட்டு வரலாறு எடுத்தார். இப்படி ஒரு கொடுமை எப்படி நடந்தது எனத் தெரிந்துகொள்ள. கூடப் படித்த சின்னப் பெண்களுக்குப் போர்க் கதை போரடித்தது. எப்போ பார்த்தாலும் போர் புராணமா என்கிற மாதிரி, கல்லூரி விவாத மேடையில் ஒரு மாணவி அவரைக் கிண்டலாகப் பேசினார். வேரா அவமானத்தில் குன்றிப்போனார். அந்த மாணவி வினிஃப்ரெட் ஹோல்ட்பி. பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் வாங்கியவர், வேராவின் உயிர்த்தோழியும் அவரேதான். இருவரும் நெருங்கியது அந்த மேடைக்குப் பிறகுதான்!

அந்த மாதங்களில் கண்ணாடியில் பார்த்தால் தன் முகத்தில் தாடி முளைப்பதுபோல வேராவுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. போரில் மனம் உடைந்த ஆண்களுக்கு 'ஷெல் ஷாக்' என்றாவது ஒரு பெயர் வைத்தார்கள். நர்ஸ்களுக்கு அதுவும் இல்லை.

எழுத வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எப்படி எழுதுவது என்பதுதான் பிரச்னை. 1918-லேயே கவிதைத் தொகுப்பு போட்டார், பெரிதாகப் பேசப்படவில்லை. 1922-ல் போர்க்கால டைரியின் பகுதிகளைத் தொகுத்து ஒரு பதிப்பகப் போட்டிக்கு அனுப்பினார், தேர்வாகவில்லை. நாவலாக எழுத முயன்றார். கற்பனைப் பெயர்களுக்குள் ரோலண்டும் எட்வர்டும் அடங்கவில்லை. இடையே 1925-ல் அரசியல் அறிஞர் ஜார்ஜ் கேட்லினோடு கல்யாணம், அமெரிக்கா, மறுபடி லண்டன், இரண்டு குழந்தைகள்.

1928, 29-ல் போர்ப் புத்தகங்களுக்குத் திடீர் மவுசு வந்தது. ரெமார்க், பிளண்டன், ராபர்ட் கிரேவ்ஸ் என எல்லோரும் ஆண்கள், எல்லோரும் பதுங்குகுழியில் இருந்தவர்கள். அந்தப் புத்தகங்களில் பெண்கள் எங்கே? வழியனுப்பக் கைக்குட்டை ஆட்டுவார்கள், இல்லையென்றால் போரின் கஷ்டம் புரியாமல் வீட்டில் சொகுசாக இருப்பார்கள். அவ்வளவுதான். வேராவுக்குக் கோபம் வந்தது. கோபம் வழியையும் காட்டியது. நாவல் வேண்டாம், உண்மைப் பெயர்களோடு, உண்மையான கடிதங்களோடு, தன் வாழ்க்கையை நாட்டின் வரலாறாகவே எழுதிவிடலாம். 1929 நவம்பரில் தொடங்கினார்.

முடிக்க மூன்று வருடத்துக்கும் மேல் ஆனது. கைக்குழந்தைகள், வீட்டு நிர்வாகம், நடுநடுவே பிழைப்புக்கான பத்திரிகைக் கட்டுரைகள். தன் நாவல் வேலையையும் வைத்துக்கொண்டு வினிஃப்ரெட் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே வந்திருக்காது. எழுதி முடித்தபின் இன்னொரு தலைவலி: இறந்தவர்களின் கடிதங்களைப் போட அவர்கள் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருந்த கணவரோ, தன்னைப் பற்றிய பகுதிகளைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். அவர் கேட்டபடி பலவற்றை வெட்டி, 'ஜி' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார் வேரா. புத்தகத்திலேயே உயிரில்லாத ஆள் உயிரோடு இருந்த கணவர்தான் என்பது ஒரு வேடிக்கை.

1933 ஆகஸ்ட் 28-ல் விக்டர் கொலான்ஸ் வெளியிட்டார். 3,000 பிரதிகள் முதல் நாளே காலி. வர்ஜீனியா உல்ஃப் கீழே வைக்க முடியாமல் படித்திருக்கிறார். வேரா அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். கணவனையோ மகனையோ அண்ணனையோ இழந்துவிட்டு, தங்கள் இழப்பு வரலாற்றில் எங்கே இருக்கிறது எனத் தெரியாமல் இருந்த பெண்களுக்கு, இதோ உங்கள் கதையும் போர்க் கதைதான் எனக் காட்டியது அந்தப் புத்தகம்.

புத்தகத்தில் இல்லாதவை

வேரா எழுதியது எல்லாம் அப்படியே நடந்ததா? பிற்காலத்தில், 1981-ல், அவருடைய அசல் டைரி அச்சானபோது வித்தியாசங்கள் தெரிந்தன. 1914-ன் துடிப்பான தேசபக்தை, 1933 புத்தகத்தில் கொஞ்சம் மங்கித் தெரிகிறார். தம்பியைப் போருக்கு அனுப்ப வாதாடிய அக்காவின் குற்ற உணர்ச்சி, வெளியே சொல்ல முடியாத அளவுக்கு இருந்திருக்கலாம்.

இன்னொன்று, அது மேல்தட்டு நடுத்தர வர்க்கத்தின் போர். அதிகாரிகள், ஆக்ஸ்ஃபோர்டு, கவிதை. வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு அதில் இடம் குறைவு. 1915 கிறிஸ்துமஸுக்கு வேரா காத்திருந்த அதே பிரைட்டனில், ராயல் பெவிலியன் அரண்மனை இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இயங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக இங்கே கிராமங்களில் காத்திருந்த மனைவிகளும் அக்கா தங்கைகளும் என்ன நினைத்தார்கள்? அவர்களில் யாருக்கும் கொலான்ஸ் கிடைக்கவில்லை.

எட்வர்டின் சாவு பற்றியும் புத்தகத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தம்பியின் படைத்தலைவர் எதையோ மறைக்கிறார் என வேரா சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் புத்தகத்திலும் தெரியும். புத்தகம் வந்தபின், 1934-ல், அவரே வேராவிடம் உண்மையைச் சொன்னார். எட்வர்ட் எழுதிய கடிதம் ஒன்று ராணுவத் தணிக்கையில் சிக்கியிருக்கிறது. ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்பது அதில் தெரிய, ராணுவ விசாரணை தயாராகிக்கொண்டிருந்தது. ஓரினச்சேர்க்கை அன்று கிரிமினல் குற்றம். படைத்தலைவர் அதைப் பற்றி எட்வர்டுக்குச் சாடையாக எச்சரித்த மறுநாள்தான் சண்டை, அதில்தான் அவர் செத்தார். எதிரியின் குண்டா, அவரே தேடிக்கொண்டதா? வேரா அதைத் தன் பெயரில் எங்கும் எழுதவில்லை. 1936-ல் வந்த நாவலில், போரில் சாகும் ஒரு பாத்திரத்துக்கு அந்தக் கதையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். உண்மையை மறைக்கக் கூடாது என்று எழுத வந்தவர் மறைத்த ஒரே விஷயம் இது எனச் சொல்லலாம். தம்பியின் பெயரைக் காப்பாற்ற நினைத்த அக்காவை அதற்காகக் குறைசொல்லவும் முடியாது.

மறுபடியும் ஒரு போர்

1935-ல் இரண்டு மாதங்களுக்குள் அப்பா தற்கொலை செய்துகொண்டார், வினிஃப்ரெட் சிறுநீரக நோயில் 37 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு ஓர் அமைதிப் பேரணியில் பாதிரியார் டிக் ஷெப்பர்டின் பேச்சைக் கேட்ட பிறகு, எந்தப் போரையும் ஆதரிப்பதில்லை என்று உறுதியெடுக்கும் அவருடைய அமைப்பில் வேரா சேர்ந்தார். ஹிட்லர் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் எடுத்த இந்த முடிவு, அவருடைய மார்க்கெட்டைக் காலி செய்யும் என்று நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் அமைதி விரும்பிகளுக்கான கடிதம் ஒன்றை அச்சிட்டு சந்தாதாரர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். இன்றைய நியூஸ்லெட்டர் மாதிரி. பிள்ளைகள் இருவரையும் 1940-ல் பாதுகாப்புக்காக அமெரிக்கா அனுப்பினார். அவர்களைப் போய்ப் பார்க்க அரசு அனுமதி தரவில்லை. கருத்துக்குக் கிடைத்த தண்டனை. மூன்று ஆண்டுகள் பிள்ளைகள் முகம் பார்க்காமல் இருந்தார்.

பெரிய புயல் 1944-ல் வந்தது. ஜெர்மன் நகரங்கள் மீது நேச நாடுகள் குண்டுமழை பொழிவதைக் கண்டித்து 'சீட் ஆஃப் கேயாஸ்' என்ற சிறுநூலை எழுதினார். ஹாம்பர்க் போன்ற ஊர்களில் எரிந்துபோவது ராணுவமா, குடும்பங்களா என்று செய்தித்தாள்களில் வந்த விவரங்களை வைத்தே கேட்டார். அமெரிக்காவில் அது வேறு தலைப்பில் வெளியாகி நாடே கொந்தளித்தது. பத்திரிகைகள் விளாசின. அதிபர் ரூஸ்வெல்ட் தரப்பில் இருந்தே கண்டனம் வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆர்வெல் எதிர்த்து எழுதினார்; போர் என்றாலே கொலைதான், அதில் இளைஞன் மட்டும் சாகலாம், மற்றவர்கள் சாகக் கூடாது என்பது என்ன கணக்கு என்பது அவர் வாதத்தின் சாரம். வலுவான வாதம்தான். ஆனா, எடாப்ள் வார்டில் நின்றவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

ஹிட்லருக்கு ஆதரவாளர் என்றெல்லாம் வசை வந்தது. 1945-ல் நாஜிகளின் ரகசியப் பட்டியல் ஒன்று வெளியானது. இங்கிலாந்தைப் பிடித்ததும் கைது செய்ய வேண்டியவர்கள் என கெஸ்டபோ தயாரித்து வைத்திருந்த அதில் 2,800-க்கும் குறையாத பெயர்கள். வேராவின் பெயரும் இருந்தது. சொந்த நாடு எதிரியின் ஆள் என்று திட்டிய பெண்ணை, எதிரி நாடு தன் எதிரி என்று குறித்து வைத்திருந்தது.

அவருடைய மற்ற புத்தகங்கள் 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்'தின் உயரத்தைத் தொடவில்லை. 1949-ல் உலக அமைதி மாநாட்டுக்காக இந்தியா வந்து சாந்திநிகேதனையும் சேவாகிராமத்தையும் பார்த்து ஒரு பயண நூல் எழுதினார். விஜயலட்சுமி பண்டிட்டைப் பற்றி 1965-ல் ஒரு நூல். மகள் ஷெர்லி வில்லியம்ஸ் 70-களில் கேபினட் அமைச்சர் ஆனார். அதைப் பார்க்க அம்மா இல்லை. 1970 மார்ச் 29-ல் வேரா இறந்தபோது, 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' கிட்டத்தட்ட மறக்கப்பட்ட புத்தகம். பெண்களின் எழுத்துக்கென்றே தொடங்கப்பட்ட விராகோ பதிப்பகம் 1978-ல் அதை மறுபதிப்பு செய்ய, அடுத்த ஆண்டு பிபிசி தொடராக எடுக்க, இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது.

எட்வர்டின் கல்லறை இத்தாலியில், அசியாகோ மலைமேல் கிரனேஸா என்ற இடத்தில் உள்ள சிறிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 1921-ல் வினிஃப்ரெட்டோடு வேரா முதன்முதலாக அங்கே போனார். தன் அஸ்தியை அங்கேதான் தூவ வேண்டும் என்று உயிலில் கேட்டிருந்தார். அவர் இறந்த அதே ஆண்டு செப்டம்பரில் ஷெர்லி அந்த மலைக்குப் போய், மாமாவின் கல்லறை மேல் அம்மாவின் சாம்பலைத் தூவிவிட்டு வந்தார்.